ஒலி ஏற்பாடு பிரமாதம்

அவனுக்கு மியூட்டு என்று பெயர் வந்ததற்கு ஒரு நாய்தான் காரணம். அதுவும் அவன் நாய் இல்லை. வேறு ஏதோ ஒரு கிளையின் கணக்காளர் வீட்டிலிருந்தபடியே தலைமை அலுவலகக் கூட்டத்தில் சேர்ந்திருந்தார். அவர் காலடியில் படுத்திருந்த நாய்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. லிஃப்ட் பொருத்திப் பராமரிக்கிற கம்பெனி அது. பல ஊர்களில் கிளை உண்டு. எல்லாக் கிளைகளையும் தலைமை அலுவலகத்துப் பெரியவர் மாதம் ஒரு தடவை கணினியில் கூட்டிவைத்துப் பேசுவார். பேசுவார் என்றால் அவர் மட்டும் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்த மாதம் அதிசயமாக ஒரு கிளைக்குப் பேச நேரம் ஒதுக்கியிருந்தார். நம் ஆள் வேலை பார்க்கிற கிளைக்கு. அங்கே இருந்த அவசர மேசையை மூடிவிட வேண்டும் என்று பெரியவர் மனத்தில் விழுந்துவிட்டது. மூடுவதற்கு முன்னால் உங்கள் பக்கத்தையும் கேட்டோமே என்று சொல்லிக்கொள்ள வேண்டாமா, அதற்காக அந்த நேரம்.

அவசர மேசை என்பது ஒரு நீள மேசையும் சில தொலைபேசிகளும்தான். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். இங்கே மணி அடிக்கும். எடுத்துப் பேச வேண்டும். மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கிறவரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இதென்ன பெரிய வேலை என்று தோன்றும். இருட்டுக்குள்ளே இருந்து ஒரு மனிதன் கத்துவதைக் காதில் வாங்கிக்கொண்டு குரல் மாறாமல் பேசிப் பார்த்தால் தெரியும். இனிமேல் இதையெல்லாம் ஓர் இயந்திரமே பேசிவிடும், ஆள் எதற்கு என்பது பெரியவரின் கட்சி.

மேசையின் பொறுப்பாளர் அக்கா. அலுவலகமே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். மியூட்டுக்கு அவள் கூடப்பிறந்த அக்கா. ஒரு காலத்தில் அந்த மேசையில் அவள் குரலுக்கு ஈடு கிடையாது. உள்ளே கதவைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறவர்கூட இவள் நாலு வார்த்தை பேசினால் அடங்கிப்போவார். வெளியே வந்த பிறகு, பேசின அம்மாவைப் பார்க்கணும் என்று அலுவலகம் தேடி வந்தவர்கள் உண்டு. அப்புறம் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. இப்போது அவள் பேசினால் காற்றுதான் வரும், அந்தக் காற்றுக்குள்ளே சொல் இருக்கும். கொஞ்சம் கிட்டே வந்து கேட்டால் ஒரு எழுத்துகூடத் தவறாமல் விளங்கும். அன்றிலிருந்து அவள் தொலைபேசியை எடுப்பதில்லை. இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பேசுகிற பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சொல்ல வேண்டும் என்று சீட்டில் எழுதி நீட்டுவாள். மூச்சு விடச் சொல்லு, பேரைக் கேளு, இருட்டைப் பத்தி நீயா பேச்செடுக்காதே. இப்படி.

தம்பிக்காரனுக்கு மட்டும் அது கெட்டுப்போன குரல் என்ற நினைப்பே இல்லை. ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே அலுவலகம். பஸ் இரைச்சலில் அவள் முணுமுணுத்தாலும் திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்லுவான். அது அக்கா குரல், அவ்வளவுதான். கிளையில் கணினி, பிரிண்டர், ஒயர் இந்த வகையறா எல்லாம் அவன் தலையில்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். பெரியவர் உங்கள் நேரம் என்றார். அக்கா வணக்கம் சொல்ல வாயைத் திறந்தாள், நாய் குரைத்தது. நாயை அதட்டுகிறேன் பேர்வழி என்று கணக்காளர் அதைவிடச் சத்தமாகக் குரைத்தார். இன்னொரு கிளை மேலாளர், மைக் திறந்திருப்பது தெரியாமல், துண்டு எங்கே என்று மனைவியைக் கேட்க, கண்ணைத் திறந்து பார்த்தால் தெரியும் என்று அந்த அம்மாள் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள். இதெல்லாம் போதாதென்று நம் கிளையிலேயே ஸ்பேனர் பாக்கெட்டுக்குள் சேவல் கூவியது. ஸ்பேனர் என்பது மூத்த மெக்கானிக். சேவல் என்பது அவர் கைபேசி. அதை அணைக்கத் தெரியாமல் மனிதர் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தும் அது கூவிற்று.

இது கூட்டமா சந்தையா என்று கேட்டார் பெரியவர். அடுத்த மாதம் ஒரே ஒரு தடவை இன்னொரு வாய்ப்பு, அதிலும் குறுக்கே ஏதாவது சத்தம் வந்தால் அத்தோடு சரி என்று சொல்லிவிட்டுத் துண்டித்துக்கொண்டு போனார். அக்கா வாய் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

நம் கிளை மேலாளர் இருக்கிறாரே, மேலிடத்தைப் பார்த்து இல்லை என்ற சொல்லை ஆயுளில் சொன்னதில்லை. அன்று சாயங்காலமே அவர் தலைமை அலுவலகத்துக்குப் பேசி, எங்களிடம் ஓர் ஆள் இருக்கிறான், எல்லாக் கிளைகளின் ஒலியையும் அவனே பார்த்துக்கொள்ளுவான் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து தம்பியின் பெயர் போட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. கூட்டத்தின் கடிவாளம் முழுக்க அவன் கையில். யார் மைக்கைத் திறப்பது, யார் மைக்கை மூடுவது, எல்லாம் அவன் இஷ்டம். அத்தனை வருட வேலையில் மேலிடத்துக்கு அவன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தது அன்றைக்குத்தான். ஊர் வாயை மூடுகிற பொத்தான் இவன் கையில் என்று மெக்கானிக்குகள் மியூட்டு என்று பெயர் வைத்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான்.

அந்த மாதம் முழுக்க அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. பெரியவரைக் குளிர்விக்க என்று நினைத்துவிடாதீர்கள். அக்கா பேச வேண்டும், குறுக்கே ஓர் ஈ பறக்கக் கூடாது, இதுதான் அவன் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மேசை போனால் அக்காவுக்கு இந்த அலுவலகத்தில் வேறு இடம் இல்லை. இந்தக் குரலை வைத்துக்கொண்டு இன்னோர் இடத்தில் வேலைக்குப் போய் நிற்க முடியுமா? மேசைப் பெண்களின் கதியும் அதுதான்.

அதனால் ஒவ்வோர் ஓட்டையாக அடைத்துக்கொண்டே வந்தான். ஒரு நேரத்தில் ஒரு மைக்தான். ஒன்றைத் திறந்தால் மற்றதெல்லாம் தானே மூடிக்கொள்ளும், தலைமை அலுவலகம் உள்பட. பேச ஆசைப்படுகிறவர் திரையில் கை தூக்க வேண்டும். அந்தக் கை அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும். அவன் பார்த்துத் திறந்தால் உண்டு. எழுத்தில் செய்தி அனுப்புகிற வசதியை எடுத்துவிட்டான், ஒவ்வொரு செய்திக்கும் டிங் டிங் என்று அடித்து உயிரை வாங்கியது. படம் வந்தால் லைன் திணறிக் குரல் விட்டுவிட்டு வருகிறது என்று கேமராக்களையும் நிறுத்தச் சொன்னான். அதில் அக்காவுக்கு நிம்மதி. கழுத்துத் தழும்பை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டியதில்லையே.

கடைசியாக அந்த மென்பொருள். மனிதக் குரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரைச்சலையெல்லாம் வடிகட்டிவிடும் என்று கேள்விப்பட்டு அதைத் தங்கள் கூட்ட அறைக் கணினியில் போட்டான். அளவை உச்சத்தில் வைத்தான். சோதித்துப் பார்த்த அன்று அலுவலகமே அறை வாசலில் நின்றது. மேசை விசிறி ஒரு பக்கம், துளைபோடும் இயந்திரம் ஒரு பக்கம், பிளாஸ்டிக் பையைக் கசக்குகிறவர் ஒருவர், ஜன்னல் கம்பியில் தாளம் போடுகிற ஸ்பேனர். நடுவில் உட்கார்ந்து மியூட்டு செய்தித்தாளை வாசித்தான். பதிவைப் போட்டுக் கேட்டால் செய்தித்தாள் மட்டும் வருகிறது, நடுச்சாமத்தில் உட்கார்ந்து வாசித்த மாதிரி அத்தனை அமைதி. காவலாளியை வாசிக்கச் சொன்னான், வந்தது. மேசைப் பெண்ணை வாசிக்கச் சொன்னான், வந்தது. ஸ்பேனர் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நீ இத்தனை நாள் எங்கேயப்பா இருந்தாய் என்று கேட்டார்.

அக்காவை வாசிக்கச் சொல்லவில்லை. தோன்றாமல் இல்லை. தொண்டையை அலட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு நாளுக்காக அவள் வாரக்கணக்கில் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். வீட்டில்கூடச் சைகைதான். சேர்த்துவைத்திருக்கிற குரலைச் சோதனைக்கு என்று செலவழிக்கச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. அதோடு, சோதிக்க அதில் என்ன இருக்கிறது, அக்கா பேசினால் பேச்சுதானே. பாவி, அப்படித்தான் நினைத்தான்.

ஒரே ஒரு தடவை பஸ்ஸில் அவளே கேட்டாள். "என் குரல் எடுபடுமாடா? வேணும்னா நான் எழுதிக் குடுத்துடறேன், மேசைப் பொண்ணு படிக்கட்டும்."

"நீ பேசினாத்தான்க்கா அது பேச்சு. அவ படிச்சா அது பேப்பர்" என்றான். "நான் இருக்கேன்ல. நீ பேசறப்ப எவன் இருமினாலும் உள்ள வராது."

அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. அவன் சொன்னால் அவளுக்கு அது போதும்.

கூட்ட நாள் வந்தது. ஜன்னல்களில் கம்பளி தொங்கியது. ஏசியை நிறுத்தியாயிற்று. அறைக்குள் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. ஸ்பேனர் வாசலிலேயே சேவலை ஒப்படைத்துவிட்டு, செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு வந்து சுவரோரம் நின்றார். மேசைப் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள், ஒருத்தி மட்டும் வெளியே மணிக்குக் காவல். மேலாளர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, தான் அங்கே இல்லாத மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். மேசை நடுவில் மைக். அதன் எதிரே அக்கா, முன்னால் ஒரு தம்ளர் வெந்நீர். பக்கத்திலேயே மியூட்டு, மடிக்கணினியோடு.

பெரியவர் பேசினார், மற்ற கிளைகள் கணக்குச் சொல்லின. ஒரு தும்மல் இல்லை, ஒரு நாற்காலி முனகவில்லை. பிறகு, அவசர மேசைக் கிளை பேசலாம் என்றார். மியூட்டு தங்கள் அறை மைக்கைத் திறந்தான். பச்சை விளக்கு எரிந்தது. மற்றதெல்லாம் மூடிக்கொண்டன.

அக்கா பேசினாள்.

தாளை எடுத்து வந்திருந்தாள், ஆனால் பார்க்கவில்லை. கணக்கு வழக்கு பேசவில்லை, கெஞ்சவும் இல்லை. தொண்டை நன்றாக இருந்த காலத்தில் ஒரு நாள் மதியம் மணி அடித்ததைச் சொன்னாள். எடுத்தால் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஹலோ என்றால் பதில் இல்லை. பெயர் கேட்டால் பதில் இல்லை. நீங்கள் வாங்கப்போகிற இயந்திரம் இந்த இடத்தில் என்ன செய்யும் என்று விளம்பரத் தாளிலேயே போட்டிருக்கிறது, பதில் வராவிட்டால் யாரோ தெரியாமல் அழுத்திவிட்டார்கள் என்று முடிவுகட்டி வைத்துவிடும் என்றாள். நாங்கள் வைக்கவில்லை. யாருமில்லாத லைனில் அரைமணிக்கு மேல் பேசிக்கொண்டே இருந்தேன். வெயில் அடிக்கிறது என்றேன், மெக்கானிக் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டார் என்றேன், என் தம்பி சின்ன வயதில் பண்ணின சேட்டையையெல்லாம் சொன்னேன். கதவைத் திறந்தபோது ஒரு பெரிய மனிதர் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயத்தில் அவருக்கு நாக்கு எழவில்லை. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "பேசலங்கறதால அங்க ஆள் இல்லன்னு ஆயிடாதுங்க" என்றாள்.

மேசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஸ்பேனர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கதவைத் திறந்த மெக்கானிக் அவர்தான். மேலாளர்கூட மூக்கை உறிஞ்சினார். வேறொரு நாளாக இருந்தால் மியூட்டு அவரை முறைத்திருப்பான்.

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் ஒரு கை எழும்பியது. தலைமை அலுவலகம். பார்த்தான், பல்லைக் கடித்தான். ஆரம்பித்துவிட்டார்களா, ஒரு மனுஷியை முழுசாகப் பேச விட மாட்டார்களா? இருங்கள், காத்திருங்கள். இன்னொரு கை எழும்பியது, வேறொரு கிளை. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் திரை ஓரம் முழுக்கக் கைகள். அத்தனை பேரையும் தன் ஒரு விரலால் நிறுத்திவைத்திருக்கிறோம் என்று அவனுக்கு நெஞ்சு விம்மியது. வாழ்க்கையில் அக்காவுக்காக அவன் உருப்படியாகச் செய்த முதல் காரியம் இது என்று நினைத்தான். இரைச்சலை நீக்கிக்கொண்டிருக்கிறேன் என்று காட்டுகிற சின்ன நீல விளக்கும் அவள் பேசத் தொடங்கியதிலிருந்து அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. எவ்வளவு இரைச்சலைப் பிடிக்கிறது பார் என்று அதற்கும் மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டான்.

அக்கா முடித்தாள். நன்றி சொல்லிவிட்டு வெந்நீரை எடுத்துக் குடித்தாள். முகம் தெளிந்திருந்தது. மியூட்டு தலைமை அலுவலகத்தின் மைக்கைத் திறந்தான்.

"ஆங், திறந்தாச்சா" என்றது பெரியவரின் குரல். "சரி. அவங்களுக்குன்னு குடுத்த நேரம் முழுக்கக் காத்திருந்தாச்சு. ஒருத்தரும் பேசல. பக்கத்துல ஒருத்தர் எடுத்துக் குடுத்தும் பேச வரல. சொல்ல ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்? ஆட்சேபம் இல்லன்னு எழுதிக்கோங்கம்மா. மாசக் கடைசியோட அந்த மேசை கிடையாது." தாள் புரட்டுகிற சத்தம். "ஆனா ஒண்ணு. இந்தத் தடவை ஒலி ஏற்பாடு பிரமாதம். யாரு பண்ணினது? கேட்டு வெய்யுங்க."

அறையில் யாருக்கும் முதலில் விளங்கவில்லை. அக்கா மைக்கைப் பார்த்துக் குனிந்து, நான் பேசினேனே சார் என்றாள். மியூட்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். சார் ஒரு நிமிஷம் என்று கத்தினான். ஸ்பேனர் கத்தினார். மேசைப் பெண்கள் கத்தினார்கள். தலைமை அலுவலகத்தைத் திறந்ததும் தங்கள் மைக் தானாக மூடிக்கொண்டது அவனுக்கு உறைத்து, தடுமாறி, அதைத் திறப்பதற்குள் பெரியவர் போய்விட்டார். மற்ற கிளைகள் ஒவ்வொன்றாக விலகின. மேலாளர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மியூட்டு தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினான். பெரியவரின் உதவியாளர் எடுத்தாள். நல்ல பெண், மரியாதையாகத்தான் பேசினாள். அக்கா பேசினாள், கேட்டிருக்காது, இயந்திரக் கோளாறு, இன்னொரு தடவை, பத்தே நிமிஷம் என்று அவன் மூச்சு விடாமல் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"கேக்கலன்னு சொல்லத்தான் சார் நாங்க கை தூக்கினோம்" என்றாள். "நானே தூக்கினேன். எறக்கிட்டு மறுபடி தூக்கினேன். நீங்க திறக்கல."

பெரியவரிடமே கொடுங்கள், நான் சொல்கிறேன் என்றான். பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானத்துக்குக் கிளம்பிவிட்டார், எழுதி அனுப்புங்கள் கோப்பில் சேர்த்துவிடுகிறேன் என்றாள். கோப்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டான். கோப்பில் இருக்கும் சார் என்றாள். பிறகு சின்னத் தயக்கத்தோடு, இனிமேல் தலைமை அலுவலகக் கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒலி ஏற்பாடு நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், உங்களுக்கு இங்கே தலைமை அலுவலகத்துக்கே மாற்றல் என்றும் சொன்னாள். மியூட்டு தொலைபேசியை வைத்தான்.

எல்லோரும் டீக்கடைக்குக் கிளம்பினார்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி ஒருவரோடு ஒருவர் பேசாமல் போனார்கள். ஸ்பேனர் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். "விடுப்பா. கேட்டிருந்தாலும் மூடித்தான் இருப்பான்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னதுதான், அநேகமாக உண்மையும் அதுதான். மியூட்டு அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தான். பிடிக்கு அகப்படவில்லை. கேட்டுவிட்டு மூடுவது அவன் பாவம், கேட்காமல் மூட வைத்தது என் பாவம் என்றுதான் மனசு சுற்றிச் சுற்றி வந்தது.

அறையில் அவனும் அக்காவும் மட்டும் இருந்தார்கள். அவன் மென்பொருளைத் திறந்தான். அக்காவை ஏதாவது பேசச் சொன்னான். என்ன பேச என்று அவள் கேட்டாள். பதிவைப் போட்டான். ஒன்றும் இல்லை. வடிகட்டியை அணைத்துவிட்டு மறுபடி பேசச் சொன்னான். கொஞ்சம் விசிறிச் சத்தம், வெளியே ஒரு லாரி, நடுவில் அக்காவின் குரல், என்ன பேச என்று. காற்று மாதிரி இருந்ததால் காற்று என்றே நினைத்து வழித்துப் போட்டிருக்கிறது. அவனுக்கு அந்தக் கணினியைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடித்து என்ன, உச்சத்தில் வைத்தது அவன் கைதானே.

"கூட்டத்தோட பதிவு இருக்குமில்ல? போடு" என்றாள் அக்கா.

வேண்டாம்க்கா என்றான். போடுடா என்றாள். போட்டான்.

கறுப்புத் திரை, கிளையின் பெயர் மட்டும். பெரியவர் நேரம் கொடுத்தார். அப்புறம் அமைதி. அப்படி ஓர் அமைதியை அவர்கள் அந்த அறையில் கேட்டதே இல்லை. அக்கா மேசைமேல் கை வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் தான் என்ன சொன்னோம் என்று நினைவு வைத்துப் பின்தொடர்கிறவள் போலத் தலையை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தாள். வெயில் என்று சொன்ன இடம் வந்திருக்கும், தம்பியின் சேட்டை வந்திருக்கும். எதுவும் இல்லை. அவன் நிறுத்தப் போனான், அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது ஒரு குரல் வந்தது. துல்லியமாக, கழுவித் துடைத்த மாதிரி.

"பேசுக்கா. நீ பாட்டுக்குப் பேசு. ஒருத்தனும் குறுக்க வராம நான் பாத்துக்கறேன்."

அவன் குரல். கைகள் எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் காதோரம் சொல்லியிருக்கிறான். சொன்னது அவனுக்கே ஞாபகம் இல்லை. எல்லாக் கிளைகளுக்கும் பெரியவருக்கும் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான். அதற்குப் பின்னால் மறுபடி அமைதி, கடைசிவரைக்கும்.

மியூட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். என்னை அடிச்சிடுக்கா என்றான், திட்டவாவது செய் என்றான். அவள் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அழுதிருந்தாலாவது அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

வெளியே அவசர மணி அடித்தது. காவலுக்கு இருந்த பெண் முகம் கழுவப் போயிருந்தாள் போல, யாரும் எடுக்கவில்லை. அக்கா எழுந்து ஓடினாள், பின்னாலேயே அவனும். எடுத்துக் காதில் வைத்தாள். உள்ளே மாட்டிக்கொண்ட யாரோ ஒரு பெண். இருட்டா இருக்கு, யாராவது இருக்கீங்களா என்று அவள் கத்துவது மியூட்டுக்கே கேட்டது. அக்கா, இருக்கோம்மா என்றாள். யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களா. இன்னும் பலமாக, கழுத்து நரம்பு புடைக்க, இருக்கோம்மா என்றாள் அக்கா. அந்தப் பெண் கதவைக் குத்தத் தொடங்கினாள்.

அக்கா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள். சீட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தொலைபேசியைத் தம்பியிடம் நீட்டினாள்.

"நீ பேசு" என்றாள். "உன் குரல்தான் போகுது."